நோ (திரைப்படம்)

நோ என்பது பாப்லோ லராயின் இயக்கத்தில் 2012-இல் வெளிவந்த சிலி நாட்டுத் திரைப்படம் ஆகும். வாக்கெடுப்பில் மக்கள் அளித்த 'வேண்டாம்' என்ற விடையையே தலைப்பு குறிக்கிறது.

பின்னணி

1973-இல் இராணுவப் புரட்சியால் ஆட்சியைப் பிடித்தவர் அகஸ்டோ பினோசே. அவர் மேலும் 8 ஆண்டுகள் நீடிக்கலாமா என்று முடிவு செய்ய, 1988 அக்டோபர் 5 அன்று பொது வாக்கெடுப்பு நடந்தது. அதற்கு முன் 27 நாட்கள், இரு தரப்புக்கும் நாள்தோறும் 15 நிமிடம் தொலைக்காட்சி நேரம் கிடைத்தது. 'வேண்டாம்' தரப்பு ஏறத்தாழ 56 விழுக்காடு வாக்குகளுடன் வென்றது. குளிர்பானத்துக்கு விளம்பரம் செய்யும் ஓர் இளைஞர், வானவில் சின்னமும் துள்ளலான பாட்டும் கொண்டு இந்தப் பரப்புரையை வடிவமைப்பதே கதை.

வெளிநாடுகளில்

கான் திரைப்பட விழாவின் இயக்குநர்கள் பிரிவில் இப்படம் முதன்மைப் பரிசு பெற்றது. சிறந்த வேற்றுமொழிப் படத்துக்கான ஆஸ்கார் பரிந்துரையைப் பெற்ற முதல் சிலிப் படமும் இதுவே. நல்ல விளம்பரம் சர்வாதிகாரத்தை வீழ்த்திய வெற்றிக்கதையாக அயல்நாட்டார் பலர் இதைக் கண்டனர். அரசியலும் விற்பனைப் பொருளாகிவிட்டது என்னும் எள்ளலைச் சிலர் கண்டனர்.

சிலியில்

அன்றைய பரப்புரையை வழிநடத்திய கெனாரோ அர்ரியாகாதா, படம் வரலாற்றை மிக எளிமைப்படுத்திவிட்டது என்றார். அச்சத்தில் இருந்த மக்களைச் சந்தித்து, இலட்சக்கணக்கானோரை வாக்காளராகப் பதிவு செய்வித்த உழைப்பு திரையில் இல்லை என்பதே குறை.

பழைய வகை வீடியோ கேமராவில் படமாக்கியதால், 1988-இன் உண்மைக் காட்சிகளும் நடிப்பும் பிரித்தறிய இயலாதபடி கலந்துள்ளன. ஆகவே, அவ்வரலாற்றை அறியாதவர் கதையை முழு வரலாறாகக் கொள்ள வாய்ப்புண்டு. வாக்கெடுப்பின் வரலாற்றையும் படித்துவிட்டுப் பார்த்தால் படம் இன்னும் தெளிவாக விளங்கும்.