மேஜர் மட்டுமா கல்லூரி?

ராஜபாளையத்தில் கலைக்கல்லூரியில் சேர்ந்த பிள்ளையிடம் உறவுக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "என்ன மேஜர்?" அடுத்தது, "இன்ஜினியரிங் கிடைக்கலையா?" 1973-இல் தொடங்கிய ராஜுக்கள் கல்லூரியோ, ஏ.கே.டி. தர்மராஜா பெண்கள் கல்லூரியோ, எங்கே சேர்ந்தாலும் இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லாமல் தப்ப முடியாது.

அமெரிக்காவில் 'லிபரல் ஆர்ட்ஸ்' கல்லூரிகள் என்றொரு வகை உண்டு. மாணவர்கள் குறைவு, கணிதம் படிப்பவர் இசையும் வரலாறும் சேர்த்துப் படிக்கலாம். 1833-இல் தொடங்கிய ஓபர்லின் அவற்றில் ஒன்று. அதன் பட்டதாரிகள் மதுரை அமெரிக்கன் கல்லூரிக்குக் கற்பிக்க வந்த வழக்கம் பல பத்தாண்டு பழையது.

நம் பட்டப்படிப்பிலும் அந்தக் கலவை இருக்கிறது, கவனிக்கத்தான் ஆளில்லை. பகுதி ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம், மூன்று மேஜரும் 'அலைடு' எனும் துணைப்பாடமும். நான்காவதில் திறன் பாடம், சுற்றுச்சூழல், வேறு துறையிலிருந்து ஒரு பாடம். ஐந்தாவதில் என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு. பொதுவாக மொத்தம் 140 கிரெடிட். பகுதி ஐந்துக்குப் பெரும்பாலும் ஒன்றே ஒன்று. அதனால்தானோ என்னவோ, அதை 'சும்மா மார்க்' என்று மாணவர்களே ஒதுக்கிவிடுகிறார்கள்.

என்.எஸ்.எஸ்-ஸில் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரச் சேவை, கூடவே ஏழு நாள் சிறப்பு முகாம். கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கி, ஊருணிக் கரையில் முள் வெட்டி, வீடு வீடாகக் கணக்கெடுத்து, மாலையில் ஊர்க்காரர்கள் முன்னால் மைக் பிடிக்க வேண்டும். வகுப்பில் பின் பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த பி.காம் மாணவி அங்கே நூறு பேருக்குச் சமையல் கணக்குப் பார்ப்பாள். ஒரு கிரெடிட்டுக்கு இது கொஞ்சம் அதிகமான பாடம்தான்.

சுற்றுவட்டாரமும் சும்மா இல்லை. பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரில் 1875-இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. வரலாற்று மாணவர் ஒரு செமஸ்டர் முழுக்க அங்கேயே கழிக்கலாம். அந்த ஊருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. நரை அணிலுக்காக 1988-இல் சரணாலயமான காடு, 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது; நாட்டில் அது 51-ஆவது. கிளைகள் பின்னிக் கிடக்கும் உச்சியில் கூடு கட்டும் அந்த அணில், முடிந்தவரை தரைக்கு வராமல் மரத்துக்கு மரம் தாவியே போகும். இடையில் நாலு மரத்தை வெட்டினால் அதன் பாதை அறுந்துவிடும். விலங்கியல் மாணவருக்குப் புத்தகத்தில் பத்து பக்கம் வரும் விஷயம், வனத்துறை அனுமதியோடு அண்ணாந்து பார்த்தால் புரிந்துவிடும்.

பொருளியல் மாணவருக்குச் சத்திரப்பட்டி. மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி அங்கே விசைத்தறிகளில் ஓடுகிறது. நூல் விலை ஏறினால் யார் கையைக் கடிக்கும், தறிக்காரர் கையையா, வியாபாரி கையையா? தறி ஓட்டுபவரின் பிள்ளையே அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கக்கூடும். அவனிடம் இதைப் பிராஜெக்டாகக் கொடுக்காமல், ஜெராக்ஸ் கடையில் பழைய பிராஜெக்டைத் தூசி தட்ட விடுவது அநியாயம்.

பணத்தடை ஓரளவு தளர்ந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்கு 2022-இல் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கு 2024-இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கின. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. 'நான் முதல்வன்' திட்டம் வேலைக்கான பயிற்சி தருகிறது.

மேலே போகவும் வழி இருக்கிறது. ஐ.ஐ.டி-களில் எம்.எஸ்சி. சேர 'ஜாம்' தேர்வு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு முதுநிலை 'கியூட்' தேர்வு. இந்திய அறிவியல் அகாதமிகள் மூன்றும் சேர்ந்து கோடையில் இரண்டு மாத ஆய்வுப் பயிற்சிக்கு மாணவர்களை எடுக்கின்றன, உதவித்தொகையும் உண்டு. அதற்கு ஆசிரியர் ஒருவரின் பரிந்துரை வேண்டும். ஐம்பது, அறுபது பேர் உள்ள வகுப்பில் பெயர் சொல்லி அழைக்கும் ஆசிரியரிடம் அதைக் கேட்பது கஷ்டமில்லை. விண்ணப்பிக்கும் காலம்தான் சிக்கல்: மழைக்காலத்தில், பருவத் தேர்வு நெருங்கும்போது வரும். முதலாண்டிலேயே ஸ்டாஃப் ரூம் கதவைத் தட்டி விசாரித்து வைத்தவருக்குத்தான் தேதி நினைவிருக்கும்.