ஆய்வகக் கதவு நமக்கும் திறக்கும்!



மழைக்காலம் வந்துவிட்டால் நம்ம பூம்புகார் பக்கத்தில் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: "தண்ணி சரியில்ல, காய்ச்சிக் குடி!" கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் தண்ணீர் நல்லதா, கெட்டதா என்று முதலில் கண்டுபிடிப்பவர் யார்? டாக்டரா? இல்லை; ஆய்வக டெக்னீஷியன்!

100 மில்லி குடிநீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மாதிரி எடுக்கும் பாட்டில் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். குளோரின் கலந்த தண்ணீர் என்றால் பாட்டிலில் முன்கூட்டியே சோடியம் தயோசல்பேட் போட வேண்டும். போடாவிட்டால் போகிற வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்றுவிடும். கெட்ட தண்ணீர் 'நல்ல தண்ணீர்' என்று பெயர் வாங்கிவிடும். அப்புறம் தெருவே வயிற்றுப்போக்கில் படுக்க வேண்டியதுதான்! இதையெல்லாம் படித்தால் மட்டும் போதாது, கை பழக வேண்டும்.

1899-இல் தோன்றிய கிண்டி கிங் நிலையம், தஞ்சாவூர் உணவுப் பகுப்பாய்வுக் கூடம், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்கள் எல்லாம் இந்த வேலையைச் செய்பவைதான்.

அங்கே பயிற்சி பெற வழி உண்டா? 'ஃபெலோஷிப்' என்பது பெரும்பாலும் மேற்படிப்பு முடித்தவர்களுக்கு. தில்லி தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012-இல் தொடங்கிய இரண்டாண்டுப் பயிற்சி டாக்டர்களுக்கானது. மனம் தளர வேண்டாம்! நமக்கு 'அப்ரண்டிஸ்' பயிற்சி இருக்கிறது. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 1973-இல் செய்த திருத்தம் டிப்ளமோ படித்தவர்களையும் சேர்த்தது. ஓராண்டுப் பயிற்சி, மாதாமாதம் உதவித்தொகை, முடிவில் சான்றிதழ். நம் பகுதிக்கு இதைக் கவனிப்பது சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியம். 'நாட்ஸ்' இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். பயிற்சி முடிந்தால் அங்கேயே வேலை என்று உறுதி கிடையாது. எல்லா ஆய்வகமும் எல்லா ஆண்டும் ஆள் எடுக்கும் என்பதும் இல்லை. எனவே இறுதியாண்டிலேயே நேரில் போய் விசாரியுங்கள். மருத்துவ ஆய்வகம், கெமிக்கல் படித்தவர்கள் மட்டுமல்ல, ஆட்டோகிளேவையும் இன்குபேட்டரையும் பழுது பார்க்க எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களும் தேவை.

நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிப்பவர்கள். "கடைசித் தேதி நேத்தே முடிஞ்சுதாமே" என்று கேள்விப்பட்டு ஏமாந்தவர்கள். சொல்லித் தர அண்ணன், அக்கா இல்லாவிட்டால் என்ன? தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வோம். அறிவிப்பு வந்தால் தகவல் பலகையில் ஒட்டுவோம். நம் ஊர்த் தண்ணீரை நாமே சோதிக்கும் நாள் வரட்டும்!