கிராங்க் ஷாஃப்ட் கிரைண்டிங்: வேறு கனெக்டிங் ராடு போடும் முன் கவனியுங்கள்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் நவரை, சொர்ணவாரி பருவங்களில் பவர் டில்லரோ ஆயில் இன்ஜினோ நின்றுவிட்டால், உழவும் பாசனமும் தள்ளிப்போகும். அந்த அவசரத்தில், கையில் கிடைக்கும் வேறு கனெக்டிங் ராடுக்கு ஏற்றபடி கிராங்க் ஷாஃப்டைத் தேய்த்துப் போடலாமா என்று விவசாயிகள் கேட்கிறார்கள்.

தேய்மானம் ஏன்?
கனெக்டிங் ராடின் பெரிய கண்ணுக்குள் கிராங்க் பின் சுழல்கிறது. நடுவே பேரிங்கும் மெல்லிய ஆயில் படலமும் இருக்கும். ஆயில் குறைந்தாலோ அழுக்கேறினாலோ பின்னில் கோடு விழும், வட்டம் கெடும். ஆயில் பிரஷர் குறைந்து, கீழே 'டக் டக்' சத்தம் கேட்டால் இன்ஜினை உடனே நிறுத்துங்கள்.

அளவுக் கணக்கு
பின்னை 0.25, 0.50 மி.மீ. என்ற படிகளில் கிரைண்டிங் செய்வது வழக்கம். புதிதில் 60 மி.மீ. இருந்த பின், முதல் படியில் 59.75 மி.மீ. ஆகும். அதற்கு 0.25 அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். இந்தப் பேரிங்கின் வெளி அளவு மாறாது. உள்பக்கம்தான் தடிமன் கூடியிருக்கும். எனவே பழைய ராடே பொருந்தும்.

வேறு ராடு போடலாமா?
பெரிய கண்ணின் அளவு மட்டும் ஒத்துப்போனால் போதாது. இரு கண்களின் மையங்களுக்கு இடையேயான நீளம், அகலம், பிஸ்டன் பின் அளவு ஆகியவையும் ஒன்றாக இருக்க வேண்டும். நீளம் கூடினால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும். குறைந்தால் கம்ப்ரஷன் குறைந்து ஸ்டார்ட் ஆகாது. ஒன்றுக்கு மேல் சிலிண்டர் இருந்தால் ராடுகளின் எடையும் சமமாக இருக்க வேண்டும். ஒரு ராடின் மூடியை இன்னொன்றுக்கு மாற்றவே கூடாது.

பட்டறையில் கேட்க வேண்டியவை
• கம்பெனி கையேட்டில் உள்ள கடைசி அளவைத் தாண்டித் தேய்க்கக் கூடாது. மேற்பரப்பின் கடினப் படலம் போய்விடலாம்.
• பின்னின் ஓர வளைவை அப்படியே விட வேண்டும். கூர்மையாக வெட்டினால் அங்கிருந்தே விரிசல் விழும்.
• ஆயில் துளைகளைக் கழுவிக் காற்றடிக்க வேண்டும்.
• பேரிங் இடைவெளியை அளந்து, போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.

கிரைண்டிங் முடியும்வரை உழவு நிற்க வேண்டியதில்லை. வேளாண்மைப் பொறியியல் துறையில் டிராக்டரை வாடகைக்கு எடுக்கலாம்.