சிறு பிளேடும் செம்மையான வேலையும்

திருவள்ளூர் மாவட்டத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த கிராமங்களில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் கதவு நிலைகளைப் பழுது பார்க்கும் செலவு பஞ்சாயத்துகளை எதிர்நோக்குகிறது. பள்ளி, அங்கன்வாடிக் கட்டடங்களின் நிலைக்கால்கள் தரையை ஒட்டி ஒரு சாண் அளவே இற்றுப்போயிருக்கும். அதற்காகச் சுவரை இடித்து நிலை முழுவதையும் மாற்றுவது பொதுப்பணத்தை வீணாக்குவதேயாகும். இற்ற பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, புதுக்கட்டையை ஒட்டுப் போடலாம்.

இதற்கு உதவுவது, கடைகளில் 'மல்டி டூல்' என வழங்கும் கைக்கருவி. இதன் பிளேடு சுழல்வதில்லை. நிமிடத்திற்குச் சுமார் 10,000 முதல் 20,000 முறை இடமும் வலமுமாகச் சிறிதளவே அசைகிறது. 1967ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஃபைன் நிறுவனம் மாவுக்கட்டை அறுத்து நீக்குவதற்கென உருவாக்கிய ரம்பமே இதற்கு முன்னோடி. வட்ட ரம்பமும் கைரம்பமும் நுழையாத மூலையில் இச்சிறு பிளேடு நேராக உட்புகும்.

ஆயினும், பொருளுக்கேற்ற பிளேடைத் தேர்ந்தெடுப்பதிலேயே இதன் பயன் அடங்கியுள்ளது.

ஆணியில்லாத மரத்திற்கு உயர்கரிம எஃகுப் பிளேடு போதும். ஆணி மறைந்திருக்கக்கூடிய பழைய மரத்திற்குப் பைமெட்டல் பிளேடு வேண்டும். கடினமான திருகாணிகளுக்குக் கார்பைடு பல் கொண்டது ஏற்றது. டைல்ஸ் இடுக்கிலுள்ள சாந்தை நீக்கப் பல்லுக்குப் பதிலாகக் கார்பைடு குருணை பதித்த பிளேடு உண்டு. பழைய பசையையும் வண்ணத்தையும் எடுக்கப் பல்லற்ற சுரண்டி பிளேடு உதவும்.

நாம் பார்வையிட்ட ஓர் அங்கன்வாடியில், தச்சர் முதலில் மரப் பிளேடையே மாட்டினார். உள்ளிருந்த ஆணியில் பட்டதும் அதன் பற்கள் மழுங்கின. அவர் மேலும் அழுத்தவே, புகை எழுந்து பிளேடு நீலம் பாரித்தது. பைமெட்டல் பிளேடை மாற்றியதும் ஆணியும் மரமும் ஒருங்கே அறுபட்டன. சுவருக்குச் சேதமில்லை.

அழுத்துவதால் வேலை விரைவதில்லை; சூடேறிப் பல்தான் கெடும். பிளேடை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தி அறுத்தல் வேண்டும். இரும்பை அறுக்கையில் வேகத்தைக் குறைத்தல் நன்று. பிளேடு மாட்டும் துளையின் அமைப்பு கருவிக்குக் கருவி மாறுபடுவதால், பழைய பிளேடைக் கடைக்கு எடுத்துச் சென்று ஒப்பிட்டு வாங்குக.

பிளேடு மாற்றுமுன் மின்இணைப்பைத் துண்டித்தல் வேண்டும். சுவரை ஒட்டி அறுக்குமுன் உள்ளே மின்கம்பி செல்கிறதா என அறிதல் அவசியம். கண்ணாடியும் முகமூடியும் அணியாமல் தொடங்கலாகாது. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை இக்கருவியால் ஒருபோதும் அறுக்கலாகாது. அதன் நுண்தூள் நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் அடுத்த மதிப்பீட்டில் 'நிலை மாற்றுதல்' என எழுதுமுன், உள்ளூர்த் தச்சரை அழைத்து, இற்ற அளவைக் கோலால் அளந்து பார்ப்பார்களாக. ஒரு சாண் பழுதுக்கு ஒரு சாண் வேலையே போதும்.