செய்தியோடை: வாசகர் தாமே அமைக்கும் வரிசை

கொட்டகலை, ஹட்டன், தலவாக்கலை போன்ற இலங்கை மலையக நகரங்களுக்கும் அவற்றைச் சூழ்ந்த தோட்டங்களுக்கும் செய்தி இன்று பெரிதும் கைபேசி வழியாகவே வந்து சேர்கின்றது எனினும், அச்செய்திகளுள் எது முதலில் கண்ணிற் பட வேண்டும் என்பதை வாசகர் தீர்மானிப்பதில்லை. முகநூல் முதலிய தளங்களின் நிரல்களே அதனைத் தீர்மானிக்கின்றன. தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பேச்சுவார்த்தையை அலசும் கட்டுரையொன்று கேளிக்கைக் காணொளிகளுக்கு அடியில் மறைந்துபோவதும், நான்கு நாள் பழமையான வதந்தி புதுச்செய்தி போல மேலெழுவதும் இதன் விளைவுகளே. இந்நிலைக்கு மாற்று புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியதன்று. அது கால் நூற்றாண்டாக இணையத்தில் இருந்து வருகின்றது.

இணையத்தளமொன்று தன் புதிய பதிவுகளின் பட்டியலைக் கணினி படிக்கத்தக்க வடிவில் எழுதிவைக்கும் சிறு கோப்பே செய்தியோடை எனப்படும் ஆர்.எஸ்.எஸ். ஆகும். அதனைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு பதிவுக்கும் தலைப்பு, இணைப்பு முகவரி, வெளியான நாளும் நேரமும், சுருக்கம் அல்லது முழு உரை ஆகியன குறிச்சொற்களுக்கிடையே அடுக்கப்பட்டிருக்குமேயன்றி, பக்க அலங்காரமோ திரையை மறைக்கும் விளம்பரமோ இருப்பதில்லை. வாசகர் தெரிவுசெய்த தளங்களின் ஓடைகளைக் குறித்த இடைவெளிகளிற் சென்று பார்த்து, புதியவற்றை ஒரே திரையில் கால வரிசைப்படி தருவது ஃபீட் ரீடர் என்னும் ஓடைப் படிப்பானின் வேலை. கடைசியாகப் பார்த்ததன் பின் மாற்றம் ஏதும் உண்டா என்று படிப்பான் வினவும்போது, மாற்றம் இல்லையெனின் முறையாக அமைந்த தளம் முழுக் கோப்பையும் அனுப்பாது 304 என்னும் குறியெண்ணை மட்டும் திருப்பி அனுப்புவதால், டேட்டா வீணாவதில்லை.

இந்த வடிவத்தின் முதற் பதிப்பு 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. அதனை ஆக்கியோருள் ஒருவரான ராமநாதன் வி. குஹா சென்னை ஐ.ஐ.டி.யில் இயந்திரப் பொறியியல் கற்றவர் என்பது தமிழ் வாசகர் பலர் அறியாத செய்தி. பின்னர் டேவ் வைனரின் முயற்சியால் 2002இல் ஆர்.எஸ்.எஸ். 2.0 வெளியாயிற்று, ஆட்டம் என்னும் இணை வடிவம் 2005இல் இணையத் தரமாக ஏற்கப்பட்டது.

தமிழுலகம் இத்தொழில்நுட்பத்தின் பயனைத் தாமதமின்றிக் கண்டுகொண்டது என்றே கூற வேண்டும். காசி ஆறுமுகம் 2004இல் தொடங்கிய தமிழ்மணம், பதிவு செய்துகொண்ட வலைப்பூக்களின் ஓடைகளைத் திரட்டி, புதிய இடுகைகளின் தலைப்புகளைத் தன் முகப்பில் இட்டுவந்தமையால், சென்னை, கொழும்பு, ரொறன்ரோ, சிங்கப்பூர் எனச் சிதறிக் கிடந்த எழுத்துகள் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து நின்றன. புகழ்பெற்றவரும் நேற்றுத்தான் எழுதத் தொடங்கியவரும் வெளியிட்ட நேரத்தின்படியே வரிசையில் இடம்பெற்றனர் என்பது அதன் பெருஞ்சிறப்பு. வாரந்தோறும் ஒருவரை நட்சத்திரப் பதிவராக நிறுத்திய வழக்கமும் பலரை எழுதவைத்தது. தேன்கூடு, திரட்டி, தமிழ்வெளி ஆகியனவும் இதே அடிப்படையில் இயங்கின. எழுதுவோர் முகநூலுக்குப் பெயர்ந்தபின் இத்திரட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளி குன்றின. அவற்றுடன் தமிழ் இணையத்தின் பொதுமுற்றமும் போயிற்று என்பது மிகையன்று.

தனி வாசகருக்கான படிப்பான்களுள் பெரிதும் விரும்பப்பட்ட கூகுள் ரீடர் 2005இல் தொடங்கி 2013 ஜூலை 1ஆம் தேதி மூடப்பட்டது. எனினும் அதன் பயனர் தம் ஓடைப் பட்டியலை ஓ.பி.எம்.எல். என்னும் கோப்பாக எடுத்துக்கொண்டு ஃபீட்லி போன்ற சேவைகளுக்கு அப்படியே மாற முடிந்தது. முகநூலிற் சேர்த்த நண்பர்களையும் பக்கங்களையும் இவ்வாறு கையோடு வேறிடம் கொண்டுசெல்ல இயலாது என்பதை நோக்குமிடத்து, திறந்த வடிவத்தின் மதிப்பு விளங்கும்.

மலையகத்து வாசகர் இதனைப் பயன்படுத்தும் வழி எளியது. ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்கான ஃபீடர் என்னும் இலவசச் செயலி, கணக்கு ஏதும் தொடங்காமலே இயங்குவதோடு, இணைப்பு நன்றாக உள்ள இடத்திற் கட்டுரைகளைப் பெற்று வைத்துக்கொண்டு சிக்னல் எட்டாத தோட்ட டிவிஷனிற் பின்னர் படிக்கவும் இடமளிக்கின்றது. பெரும்பாலான தளங்களின் முகவரியை இட்டாலே செயலி ஓடையைத் தேடிக்கொள்ளும். அகப்படாவிடின், வேர்ட்பிரஸ் தளமாயின் முகவரியின் இறுதியில் சாய்கோடிட்டு ஆங்கிலத்தில் ஃபீட் என்று சேர்த்தாற் போதும். பிபிசி தமிழுக்கு ஓடை உண்டு. ஒவ்வொரு யூடியூப் சேனலுக்கும் உண்டு. தமிழ் விக்கிப்பீடியாவிலோ கட்டுரை ஒவ்வொன்றின் வரலாற்றுப் பக்கத்துக்கும் தனி ஓடை இருப்பதால், மலையகத் தமிழர் பற்றிய கட்டுரையில் எவர் எதனைச் சேர்த்தார், எதனை நீக்கினார் என்பதைக் கொட்டகலையிலுள்ள ஓர் ஆசிரிய மாணவர் இருந்த இடத்திலிருந்தே கண்காணிக்கலாம்.

ஓடைக்கு எல்லைகளும் உள. படிப்பான் இடைவெளி விட்டே தளங்களைப் பார்ப்பதால், அடைமழைக் காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கை போன்றவற்றுக்கு அதனை நம்பியிருத்தல் தவறு. அவற்றுக்கு வானொலியும் கிராம உத்தியோகத்தரும் தொலைபேசியுமே உரிய வழிகள். ஓடையே வழங்காத தளங்களும் பல. அத்தகைய தளங்களுக்கு, பக்க மாற்றங்களைக் கவனித்துச் சொல்லும் இனோரீடர் போன்ற சேவைகளை நாடலாமாயினும் அவ்வசதி பெரும்பாலும் கட்டணத்துக்குரியது.

ஆகவே, மலையகம் பற்றி எழுதும் இதழ்களும் தொழிற்சங்கங்களும் கல்லூரிகளும் தம் அறிவித்தல்களை முகநூற் பக்கத்தோடு நிறுத்திவிடாது, ஓடையுள்ள ஓர் எளிய தளத்திலும் அவற்றை இட வேண்டும். வேர்ட்பிரஸ், பிளாக்கர் ஆகியவற்றில் ஓடை தானாகவே உருவாகின்றது. அதனை நிறுத்திவைக்காமல் இருந்தாலே போதும்.