எண்பது வயதில் ஆபரேஷன்: எடை என்ன சொல்கிறது?

“அம்மாவுக்கு எண்பத்திரண்டு வயசாகுது. ஆபரேஷன் தாங்குவாங்களா டாக்டர்?” வயிற்றிலோ குடலிலோ புற்றுநோய் என்று தெரிந்ததும் வீட்டார் இப்படித்தான் கேட்கிறார்கள். மருத்துவருக்கு அதைவிட அவசியமான கேள்வி ஒன்று உண்டு: “ஆறு மாசத்துல எத்தனை கிலோ குறைஞ்சிருக்காங்க?”

1936-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹைரம் ஸ்டட்லி என்ற அறுவை மருத்துவர், வயிற்றுப்புண்ணுக்கு அறுவை செய்துகொண்டவர்களின் எடைக் கணக்கைப் பார்த்தார். அறுவைக்கு முன்பே எடையில் 20 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் இறந்திருந்தார். மற்றவர்களில் இறந்தவர்கள் 3.5 சதவீதம்தான்.

ஏன் இப்படி? வெட்டித் தைத்த குடல் ஒட்டுவதற்கும் கிருமிகளை எதிர்க்கும் அணுக்கள் பெருகுவதற்கும் புரதம் வேண்டும். சாப்பிட முடியாத அந்த நாட்களில் உடல் தன் தசையைக் கரைத்துத்தான் அதை எடுக்கிறது. முதியவர்களிடம் அந்தச் சேமிப்பு ஏற்கெனவே குறைவு. மூச்சுத் தசைகள் மெலிந்தால் சளியை இருமித் துப்ப முடியாது, நிமோனியா வந்துவிடும். படுக்கையும் தசையைத் தின்னும். நோயில்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்த 2007-ம் ஆண்டு ஆய்வில், கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போனது.

பத்தில் ஒருவர் எண்பதைத் தாண்டிய ஜப்பானில் இது அன்றாடக் கவலை. அங்கே ஒனோதெரா என்ற மருத்துவர் 1984-ல் ஓர் எளிய கணக்கு தந்தார். ரத்தத்தில் ஆல்புமின் புரதமும் லிம்போசைட் அணுக்களும் எவ்வளவு என்று பார்த்து ஒரு மதிப்பெண் போடுவது. 40-க்குக் கீழே போனால் குடலை வெட்டி இணைப்பது ஆபத்து என்றார். எண்பது கடந்த புற்றுநோயாளிகளிடம் நடந்த பல ஆய்வுகளிலும், மதிப்பெண் குறைந்தவர்களுக்குச் சிக்கல்கள் கூடுதல், ஆயுள் குறைவு என்றே தெரிகிறது. ஆனால் உடலில் அழற்சி இருந்தாலும் ஆல்புமின் இறங்கும். அதனால் அந்த எண்ணோடு எடையையும் தசை வலிமையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வயதை யாராலும் குறைக்க முடியாது. உடலைத் தேற்ற முடியும். ஊட்டம் மிகவும் குறைந்தவர்களுக்கு, புற்றுநோயே ஆனாலும், 7 முதல் 14 நாள் அறுவையைத் தள்ளிவைத்துத் தேற்றலாம் என்கிறது ஐரோப்பிய ஊட்டச்சத்து மருத்துவ அமைப்பு. நோயுற்ற முதியவருக்கு ஒரு கிலோ எடைக்குத் தினமும் 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவைப்படலாம். ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கு அது 60 கிராமுக்குக் குறையாது. ஒரு முட்டையில் கிடைப்பது சுமார் 6 கிராம். “வயசானவங்க, கஞ்சி போதும்” என்று விட்டால் இந்தக் கணக்கு எப்படி நிறையும்? சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

உடல் மெலிவது ரத்தப் பரிசோதனைக்கு முன்பே வீட்டாருக்குத் தெரிந்துவிடும். முழங்கை வரை ஏறும் வளையல், தொளதொளத்த ரவிக்கை, பாதியில் ஒதுக்கிவைத்த தட்டு. முதல் நாளே அவற்றை மருத்துவரிடம் சொல்லுங்கள்.