சுழியோடப் பழக எங்கே போவது?

புறக்கோட்டைக்குச் சரக்கெடுக்கப் போகும் நம்மவர் எவரும் முதற்கடையிலேயே காசை எண்ணிக் கொடுப்பதில்லை. நாலு கடை ஏறி, சாமானைத் தொட்டுப் பார்த்து, திருப்பி எடுப்பீர்களா என்றும் கேட்டுவிட்டுத்தான் வாங்குவோம். ஆனால் பிள்ளையைக் கடலுக்கடியில் இறக்கும் ஒரு பயிற்சிக்குப் பணம் கட்டும்போது மட்டும் கட்டணத்தை மாத்திரம் பார்த்துவிட்டு முடிவெடுத்து விடுகிறோம்.

அண்மையில் முல்லைத்தீவிலிருந்து ஒரு கடைக்காரர் தொலைபேசியில் கேட்டார்: “நானா, இளையவன் ஸ்கூபா பழகப் போறானாம். உல்லாசப் பிரயாணிகளைக் கூட்டிப் போற வேலை கிடைக்குமாம். எந்த இடம் மலிவு?” பலருக்கும் உள்ள கேள்வி இது. கேட்க வேண்டியது மலிவை அல்ல என்பதே என் பதில். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் எதை வாங்குகிறோம் என்பதை அறிவோம். பாடி, எஸ்.எஸ்.ஐ. போன்ற சர்வதேச அமைப்புகளின் ஆரம்பச் சான்றிதழ் ‘ஓப்பன் வோட்டர்’ எனப்படும். பொதுவாக 3 அல்லது 4 நாட்களில் முடியும். பாடம், ஆழமில்லாத நீரில் பயிற்சி, பின்னர் கடலில் குறைந்தது 4 முறை இறங்குதல் என்று மூன்று பகுதிகள். இதை முடித்தவர் ஒரு துணையோடு 18 மீற்றர் வரை இறங்கலாம். ஒரு நாளில் இறக்கிப் படம் எடுத்து அனுப்பும் ‘அறிமுகச் சுழியோட்டம்’ வேறு. அது சான்றிதழ் ஆகாது. இரண்டையும் ஒன்றென நினைத்துப் பணம் கட்ட வேண்டாம்.

அந்த அட்டை வேலைக்கான அனுமதிப் பத்திரமும் அல்ல. பிறரை அழைத்துச் செல்லும் ‘டைவ் மாஸ்டர்’ தகுதிக்கு 18 வயது நிரம்ப வேண்டும். இடையில் இன்னும் பயிற்சிகள் உண்டு. பாடி முறையில் முடிக்கும்போது 60 சுழியோட்டங்கள் பதிவாகியிருக்க வேண்டும். பிள்ளையின் தொழிலுக்கென முதல் போடுகிறவர் இந்த முழுச் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இனி இடம். வன்னியிலிருந்து போகிறவருக்குக் கிட்டிய இடம் திருகோணமலை. வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாகச் சுமார் 100 கிலோமீற்றர். நிலாவெளி, உப்புவெளிப் பகுதிகளில் பயிற்சி நிலையங்கள் உண்டு. எதிரே 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட புறாத்தீவு. 1956இலேயே ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் சுழியோடிய கடல் இது.

ஆனால் கடலுக்கும் வியாபாரம் போலவே பருவம் உண்டு. கிழக்கில் மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதி. வடகீழ்ப் பருவக்காற்று வந்தால் அலையும் கலங்கலும்தான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை பழக விரும்புகிறவர் ஹிக்கடுவை, உனவட்டுன போன்ற தென்மேற்குக் கரைக்குப் போக வேண்டும். பருவம் தவறிய நேரத்தில் விலை குறைத்துத் தருகிறோம் என்றால், ஏன் குறைக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதா?

அடுத்தது ஆசிரியர். அவரே சரக்கின் தரம். ஒரு ஆசிரியரிடம் கடலில் எத்தனை பேர் என்று கேளுங்கள். 8 பேர் வரை விதி இடம் கொடுத்தாலும் 4 பேருக்குள் இருந்தால் நல்லது. எந்த மொழியில் விளக்குவார் என்றும் கேளுங்கள். வெளிநாட்டாருக்கென நடக்கும் வகுப்பில் ஆங்கிலம் பாதி விளங்கியும் பாதி விளங்காமலும் தலையாட்டுகிற பிள்ளை, நீருக்கடியில் சைகையையும் அப்படித்தான் விளங்கிக்கொள்வான். பாடப் பகுதியை இணையத்தின் மூலம் வீட்டிலிருந்தே முடிக்கலாம். அதை வவுனியாவிலேயே ஆறுதலாகப் படித்து, விளங்காததை எழுதிக்கொண்டு போவது புத்தி.

மலிவைப் பின்னுக்குத் தள்ளச் சொல்வதற்குக் காரணம் உடம்பின் கணக்கு. சிலிண்டரில் இருப்பது வெறும் ஒக்சிஜன் அல்ல, அமுக்கப்பட்ட சாதாரணக் காற்று. 10 மீற்றர் இறங்கும்போதே அழுத்தம் இரட்டிப்பாகிறது. அந்த அழுத்தத்தில் நைதரசன் இரத்தத்தில் கரைகிறது. சோடாப் போத்தலை மெல்லத் திறந்தால் ஒன்றுமில்லை. சட்டென்று திறந்தால் பொங்கும். அவசரமாக மேலே வந்தவரின் உடம்பிலும் அதுதான் நடக்கும். மூட்டுவலியில் தொடங்கி இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போவது வரை செல்லலாம். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலே கிழியலாம். கடலட்டைக்கும் சங்குக்கும் முறையான பயிற்சியில்லாமல் சிலிண்டரோடு இறங்கி, கால் விளங்காமல் போனவர்களை நம் கரையோரக் குடும்பங்கள் அறியும். இதற்கான அழுத்த அறைச் சிகிச்சை திருகோணமலையில் கடற்படையிடம் உண்டு. அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்வீர்கள், படகில் ஒக்சிஜன் வைத்திருக்கிறீர்களா என்று பயிற்சி நிலையத்திடம் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

இன்னும் சில. மருத்துவ வினாப்பத்திரத்தை உண்மையாக நிரப்ப வேண்டும்; ஆஸ்துமா, இருதய நோய், காது வருத்தம் உள்ளவர் வைத்தியரிடம் காட்டிய பிறகே போகலாம். நீந்தத் தெரியாதவனுக்கு இது இல்லை: 200 மீற்றர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் வேண்டும். குளத்தில் நீந்தியது போதும் என்று இருந்துவிடாமல், கடலிலும் பழகிப் பார்த்த பின் அனுப்புங்கள். காற்று நிரப்பும் இயந்திரம் தன் புகையைத் தானே உறிஞ்சாத இடத்தில் இருக்கிறதா, உபகரணங்கள் கடைசியாக எப்போது பழுதுபார்க்கப்பட்டன, கட்டணத்தில் புத்தகம், சான்றிதழ், படகு, பூங்கா நுழைவுச்சீட்டு எல்லாம் அடக்கமா என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடல் சரியில்லாத நாளில் பணத்தை வைத்துக்கொண்டு இன்னொரு நாள் தருவார்களா என்பதையும் கேளுங்கள். ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லத் தெரிந்தவனே நல்ல ஆசிரியன்.

ஆரம்பப் பயிற்சியிலேயே ஆழத்துக் கப்பல் காட்டுகிறோம் என்பவரிடம் எச்சரிக்கை. 1942இல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹேர்மிஸ் போர்க்கப்பல் கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே. புதியவருக்கு அது உரியதல்ல.

சில ஆயிரம் ரூபா கூடினாலும், கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும் இடத்தையே தெரிவு செய்யுங்கள். சரக்கு பிழைத்தால் அடுத்த பெருநாளில் நட்டத்தை எடுக்கலாம். இங்கே நாம் விலை பேசுவது ஒரு பிள்ளையின் மூச்சுக்கு.